ஐப்பசியில் சுக்கிரன் வக்ரம்: கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லலாமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து முப்பது வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர், ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவர். காலையில் பஸ் ஏறிப் போய் இரவு திரும்புகிறார். மூன்று வருடம் முன்பு, பெங்களூரில் இருக்கும் தோழி ஒருவர் மேலை ஜோதிடம் சொல்லும் செயலி ஒன்றை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். பிறந்த தேதியும் நேரமும் கொடுத்ததும், ‘நீங்கள் பிறந்தபோது சுக்கிரன் ரெட்ரோகிரேட். அன்பை ஏற்றுக்கொள்வது உங்களுக்குக் கடினம்’ என்று வந்ததாம். இவர் பிறந்தது 1996 ஜூன் கடைசி வாரம். முதலில் விளையாட்டாகத்தான் பார்த்தார். 2025 மார்ச்சில் சுக்கிரனும் புதனும் ஒரே சமயத்தில் வக்ரத்தில் (கிரகம் பின்னோக்கிப் போவதாகத் தெரியும் காலம்; செயலி ரெட்ரோகிரேட் என்பது இதைத்தான்) இருந்தபோது இரண்டு சம்பவங்கள் நடந்தன. சாயப்பட்டறைக்கு இவர் தவறான ஷேடை அனுப்பிவிட்டார். 350 கிலோ துணி அந்த நிறத்தில் ஓடிவிட்டது. அதே வாரம், ஐந்து வருடம் முன்பு பிரிந்துபோன ஒருவரிடமிருந்து ‘எப்படி இருக்கே?’ என்று செய்தி வந்தது. இரண்டையும் செயலி முன்கூட்டியே சொல்லிவிட்டதாக இவருக்குப் பட்டது. அன்றிலிருந்து டைரியில் வக்ர நாட்களைச் சிவப்பு மையில் குறித்து வைக்கிறார். அந்த நாட்களில் புதுத்துணி எடுப்பதில்லை, சம்பள உயர்வு கேட்பதில்லை. ஸ்கூட்டர் வாங்குவதை இரண்டு முறை தள்ளிப் போட்டுவிட்டார்.

இப்போது வரன் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கோபிசெட்டிபாளையம் (கோபி) பக்கம். மஞ்சளும் வாழையும் போடுகிற குடும்பம், அவருக்கு ஈரோட்டில் வேலை. ஆனி மாதம் உப்பு சக்கரை மாற்றி நிச்சயம் செய்துகொண்டார்கள். தீபாவளி விடுமுறையை ஒட்டி, நவம்பர் இரண்டாம் வாரத்தில், ஐப்பசி வளர்பிறை முகூர்த்தம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. ஆனால் 2026 அக்டோபர் 3 முதல் நவம்பர் 14 வரை சுக்கிரன் வக்ரம். அக்டோபர் 24 முதல் நவம்பர் 13 வரை புதனும் வக்ரம். டைரியில் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னதற்கு, “நம்ம ஜோசியரு பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு சொல்லிப்போட்டாரு. போன்ல இருக்கற சுக்கிரன் வேற, வானத்துல இருக்கற சுக்கிரன் வேறயா?” என்று கேட்டாராம்.

வாசகியின் கேள்வி: வக்ரம் முடியும்வரை கல்யாணத்தைத் தள்ளி வைக்க வீட்டாரிடம் எப்படிச் சொல்வது? மனநல ஆலோசகர் என்ற முறையில் ‘இந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணம் வேண்டாம்’ என்று நான் ஒரு வார்த்தை எழுதித் தர முடியுமா?

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு பேனாவில், இரண்டு வரி இருந்தது. “அவங்க அம்மா, ‘கல்யாணத்துக்கு அப்புறம் கோபியில இருந்து திருப்பூருக்குப் போக முடியுமா? வேலை எதுக்கு?’ன்னாங்க. நான் சிரிச்சுட்டே இருந்துட்டேன்.”

அம்மிணி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த இரண்டு வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கிரகம் பின்னால் போகிறதா?

பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தூரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் அதைத் தாண்டுகிற அந்தச் சில நொடிகளில், பின்னணியில் நிற்கும் காற்றாலைகளை வைத்துப் பார்த்தால் டிராக்டர் பின்பக்கம் நழுவுவதுபோல் இருக்கும். ஓட்டுகிறவர் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறார். நகர்ந்தது நம் பார்வைக் கோடு.

வானத்தில் நடப்பதும் இதேதான். பூமி சூரியனை நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. செவ்வாய்க்கு 24. அதனால் நாம் செவ்வாயைத் தாண்டும்போது அது பின்னோக்கிப் போவதாகத் தெரிகிறது. குருவுக்கும் சனிக்கும் அப்படியே. புதனும் சுக்கிரனும் உள்வட்டத்தில் ஓடுகிறவை, நம்மைவிட வேகம். புதன் நொடிக்கு 47, சுக்கிரன் 35. அவை நம்மைத் தாண்டிப் போகும்போது வக்ரம் தெரிகிறது. எந்தக் கிரகமும் நின்று, யோசித்து, திரும்பி நடப்பதில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்ரமே கிடையாது.

இதனால்தான் அது கணக்காக வருகிறது. புதன் வருடத்துக்கு மூன்று முறை, சில வருடம் நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம்போல். சுக்கிரன் பத்தொன்பது மாதத்துக்கு ஒரு முறை, ஆறு வாரம். செவ்வாய் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் ஒரு முறை. குருவும் சனியும் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை, நான்கு மாதம்போல். நம் முன்னோர் இதைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான். சூரிய சித்தாந்தம் கிரகங்களின் நடையை எட்டு வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது. வக்ரம் அதில் ஒன்று. உங்கள் ஊர் ஜோசியரின் பஞ்சாங்கத்திலும் வக்ர ஆரம்பம், வக்ர நிவர்த்தி என்று தேதி போட்டிருக்கும். அதனால் அவருக்குத் தெரியாத ரகசியம் எதுவும் உங்கள் போனில் இல்லை. அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

மேலை ஜோதிடம் சொல்வதும் செயலி சொல்வதும்

மேலை ஜோதிடத்தில் புதன் என்றால் பேச்சு, எழுத்து, ஒப்பந்தம், பயணம். சுக்கிரன் என்றால் அன்பு, உறவு, பணம், எதை நாம் மதிக்கிறோம் என்பது. செவ்வாய் என்றால் வேகம், கோபம், துணிச்சல். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் பெயர் பெற்றிருந்த வில்லியம் லில்லி போன்றவர்கள் வக்ரத்தைக் கிரகத்தின் பலவீனமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் மனோதத்துவம் அந்த ஜோதிடத்துக்குள் புகுந்தபோது பொருள் மாறியது. வக்ரத்தில் இருக்கும் கிரகம் உள்பக்கம் பார்க்கிறது, விட்டுப்போனதைத் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்கிறது என்றார்கள். புதன் வக்ரமா, கையெழுத்துப் போடும் முன் இன்னொரு தரம் படி. சுக்கிரன் வக்ரமா, இந்த உறவில் எனக்கு என்ன வேண்டும் என்று உன்னையே கேட்டுக்கொள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுக்கிர வக்ரத்தில் கல்யாணம் வைக்க வேண்டாம் என்று சொல்லும் மேலை ஜோதிடர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதை இட்டுக்கட்டவில்லை. ஆனால் அவர்களே, பழைய விஷயங்களை மனம்விட்டுப் பேசித் தீர்க்க இதைவிட நல்ல காலம் இல்லை என்றும் சொல்வார்கள். செயலி உங்களுக்கு முதல் பாதியை மட்டும் அனுப்பியிருக்கிறது. காலையில் போனைத் திறந்ததும் சிவப்பு எழுத்தில் ‘இன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள்’ என்று வந்தால், அன்று நான்கு தடவை அதைத் திறந்து பார்ப்பீர்கள். ‘இன்று நிதானமாக யோசியுங்கள்’ என்று வந்தால் ஒரு தடவைகூடத் திறக்க மாட்டீர்கள். பயமுறுத்துகிற வாசகத்துக்கு ஆயுள் அதிகம்.

‘அன்பை ஏற்றுக்கொள்வது உங்களுக்குக் கடினம். அது எனக்கு அப்படியே பொருந்துகிறது’ என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் துறையில் 1948இல் நடந்த ஒரு சோதனையை எல்லோருக்கும் பாடமாகச் சொல்லித் தருவார்கள். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்னுடைய 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. அதில் இருந்த வரிகள் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தவை. அந்த மாணவர்கள் முட்டாள்கள் இல்லை. யாருக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தை நம் வாழ்க்கையை வைத்து நாமே நிரப்பிக்கொள்கிறோம். முப்பது வயதில், ஒரு முறை மனம் உடைந்த யாரிடம் ‘அன்பை ஏற்றுக்கொள்வது உங்களுக்குக் கடினம்’ என்றாலும் கண் கலங்கும்.

உங்கள் சுக்கிரன்

இதை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மேலை ஜோதிடம் ராசிகளை எண்ணத் தொடங்கும் இடமும் நம் ஜோதிடம் தொடங்கும் இடமும் வேறு. அவர்கள் மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள். நாம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் இன்று ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம். அயனாம்சம் என்று ஜோசியர் சொல்வது இதைத்தான். 1996 ஜூன் கடைசி வாரத்தில் சுக்கிரன், உங்கள் செயலியின் கணக்கில் மிதுனத்தில் இருந்தது. நம் கணக்கில் அதே சுக்கிரன் ரிஷபத்தில் இருந்தது. ரிஷபம் சுக்கிரனுக்குச் சொந்த வீடு. ஆட்சி என்பார்கள். அதோடு நம் ஜோதிட மரபில் வக்ரம் பெற்ற கிரகம் பலம் கூடியதாகவே எண்ணப்படுகிறது. சேஷ்டா பலம் என்று அதற்கு ஒரு பெயரே உண்டு.

ஆக, ஒரே வானம், ஒரே நாள், ஒரே சுக்கிரன். ஒரு பக்கம், இந்தப் பெண்ணுக்கு அன்பு கைகூடுவது சிரமம் என்கிறது. இன்னொரு பக்கம், ஆட்சி பெற்ற சுக்கிரன், குடும்ப வாழ்க்கை நன்றாக அமையும் என்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. என் கண்ணில் பட்டது வேறு. ஊர் ஜோசியர் எட்டுப் பொருத்தம் என்று சொன்னதை ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். அதே ஜோசியர் எப்போதோ ‘முப்பது தாண்டினா தடங்கல் வரும்’ என்று சொன்னதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஜோதிடத்திலிருந்தும் பயப்பட வைக்கும் பகுதியை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு மூன்றாவது ஜாதகம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஜாதகத்தில் உங்களுக்கு நல்ல நேரம் என்று ஒன்று வரவே வராது.

இன்னொரு கணக்கு. 584 நாளில் ஏறக்குறைய 42 நாள் சுக்கிரன் வக்ரம். அப்படியானால் நூறு பேரில் ஏழு பேர் உங்களைப் போலவே பிறந்தவர்கள். 2011 கணக்கெடுப்புப்படி கோவை மாவட்டத்தில் மட்டும் 34 லட்சத்துக்கு மேல் மக்கள். அதில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு இதே சுக்கிரன் இருக்கும். தீபாவளிக்கு ஒப்பணக்கார வீதியில் ஜவுளி எடுக்கும்போது உங்களை இடித்துக்கொண்டு போகும் கூட்டத்தில், கைக்குழந்தையோடு புருஷனிடம் பையைக் கொடுத்துவிட்டு நடக்கும் பெண்களில் எத்தனையோ பேர் அவர்கள்.

அந்த மார்ச் மாதம்

துணி விஷயத்தை நீங்கள் விவரமாக எழுதியிருந்தது எனக்கு உதவியாக இருந்தது. பையர், அதாவது துணி வாங்குகிறவர், இரண்டு லேப் டிப் (சாய மாதிரித் துணி) பார்த்து ‘பி’யை அப்ரூவ் செய்திருந்தார். நீங்கள் சாயப்பட்டறைக்கு ‘ஏ’யைப் போட்டு மெயில் அனுப்பினீர்கள். அனுப்பிய நேரம் இரவு 9.40. அன்று காலை எட்டரைக்கு ஆபீஸுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் விடுமுறை. நான்கு ஆர்டர், மார்ச் கடைசிக்குள் ஷிப்மென்ட், மதியம் சாப்பிட்டது இரண்டு பிஸ்கட்டும் ஒரு டீயும். இதெல்லாம் நீங்களே எழுதியது. இவ்வளவையும் எழுதிவிட்டு, ‘புதன் வக்ரத்தால் தவறு நேர்ந்தது’ என்று முடித்திருக்கிறீர்கள். பதிமூன்று மணி நேரம் வேலை பார்த்த கண்ணுக்கு ஏயும் பியும் ஒன்றாகத்தான் தெரியும். அப்புறம் அந்தத் துணியை நேவி புளூவுக்கு மாற்றி வேறு ஆர்டருக்குக் கொடுத்து நஷ்டத்தைக் குறைத்ததும் நீங்கள்தான். அதற்கு எந்தக் கிரகத்துக்கும் பெயர் கொடுக்கவில்லையே, ஏன்?

பழைய நண்பரின் செய்தியும் அப்படித்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் வாழ்த்து அனுப்புவார், நான் பதில் போடுவதில்லை என்று மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் செய்திகள் வந்த நாட்களை டைரியில் எந்த மையிலும் குறிக்கவில்லை. மார்ச்சில் வந்தது மட்டும் சிவப்பில் ஏறிவிட்டது. மனது ஒரு முறை ஒன்றை நம்பிவிட்டால், பொருந்துகிறதை எடுத்து வைக்கும், பொருந்தாததைக் கீழே போட்டுவிடும். படித்தவர், படிக்காதவர் என்று இதில் பேதம் இல்லை. எனக்கும் நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் வேலையில் நேர்ந்த பிசகுகளை எல்லாம், சின்னதோ பெரியதோ, அனுப்பிய மெயில்களைப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். எழுதி முடிக்கும் வரை வக்ரத் தேதிகளைப் பார்க்கக் கூடாது. முடித்த அப்புறம் ஒப்பிடுங்கள். புதன் வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு நாள் வக்ரத்தில் இருக்கிறது. பத்துப் பிசகில் இரண்டு சும்மாவே அந்த நாட்களில் விழும். ‘நிழல் காலம்’ என்று முன்னும் பின்னும் இரண்டு வாரத்தைச் செயலி சேர்க்கிறதே, அதையும் கூட்டினால் வருடத்தில் இருபது வாரத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு பெரிய வலை போட்டால் எந்த மீனும் சிக்கும். பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, அன்று எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள், முந்தின நாள் எவ்வளவு தூங்கினீர்கள் என்றும் எழுதுங்கள். அந்தப் பத்தியைத்தான் நான் முதலில் பார்க்க ஆசைப்படுவேன்.

தள்ளிப் போட்டால் எதுவரை?

முகூர்த்தத்துக்குச் சில நாட்களிலேயே இரண்டு வக்ரமும் முடிந்துவிடுகின்றன. அப்படியானால் கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாமே என்று பார்த்தேன். சுக்கிரனின் நிழல் காலம் டிசம்பர் நடு வரை என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடியும்போது மார்கழி பிறந்துவிடும், நம் வீடுகளில் கல்யாணம் கிடையாது. சரி, தை? 2027 ஜனவரி 10ஆம் தேதி செவ்வாய் வக்ரம் ஆரம்பிக்கிறது. ஏப்ரல் 1 வரை நிற்கும். நடுவில் பிப்ரவரி 9இலிருந்து மார்ச் முதல் வாரம் வரை புதன் வேறு. தை, மாசி, பங்குனி மூன்றும் போயிற்று. உங்கள் டைரியின் சட்டப்படி நடந்தால் சித்திரைக்கு முன்னால் தாலி ஏறாது. சித்திரை வந்தால் அடுத்த புதனுக்கு நிழல் எப்போது என்று பார்ப்பீர்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்தர் கனவில் வந்த பொருளைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அதை வைத்து நாட்டில் என்ன நடக்கும் என்று ஊரே பேசுகிறது. கும்பிட்டுவிட்டு, பார்த்துவிட்டு, மலையிறங்கி அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். பெட்டியில் இந்தப் பொருள் இருக்கிறது, அதனால் இந்த வருடம் மஞ்சள் நட மாட்டேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம்பிக்கை வைத்துக்கொண்டே வாழத் தெரிந்த ஊர் உங்களுடையது. நீங்கள் ஜோதிடம் பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது உங்கள் கையைக் கட்டிப்போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதுதான் என் கவலை.

அந்த இரண்டு வரி

இப்போது ஓரத்தில் எழுதிய வரிகளுக்கு வருகிறேன். நான்கு பக்கத்தில் சுக்கிரன் என்ற சொல் இருபத்திரண்டு இடத்தில் வருகிறது. மாப்பிள்ளை என்ன பேசினார், அவருக்கு என்ன பிடிக்கும், நீங்கள் இருவரும் எத்தனை முறை போனில் பேசினீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஏழு வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட வேலையை விட வேண்டி வருமா என்ற கேள்வி, ஓரத்தில், வேறு மையில் வந்திருக்கிறது. அவர் அம்மா கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள். அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இப்போது சுக்கிரன் பெயரில் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் ஒரு பெண், ‘எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், சில விஷயங்கள் பேச வேண்டும்’ என்று சொன்னால், ‘என்ன அம்மிணி, யாராச்சும் மனசுல இருக்காங்களா?’ என்று கேட்பார்கள். ‘நேரம் சரியில்லை’ என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் கிரகத்தின் பின்னால் நின்று பேசுவது சுலபமாக இருக்கிறது. எனக்கு அது புரிகிறது. ஆனால் கிரகம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும், பதில் வாங்கிக் கொடுக்காது. சித்திரையில் கல்யாணம் நடந்தாலும் கோபியிலிருந்து திருப்பூருக்கு அதே தூரம்தான்.

நீங்கள் கேட்ட கடிதத்தை நான் எழுதித் தர மாட்டேன். உங்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ள முடியாத மனநலக் குறை எதுவும் இந்தக் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. இல்லாத ஒன்றை எழுதினால் அந்தக் காகிதம் உங்கள் பெயரோடு பல வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும், யார் கையில் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. முதலாவது, தேதியை மாற்றாமல், அதற்கு முன்னால் அவரிடம் நேராகப் பேசிவிடுவது. ஆபத்து குறைந்த வழி இது. நாளும் போதுமான அளவு இருக்கிறது. இரண்டாவது, பேசிய அப்புறமும் மனம் தெளியவில்லை என்றால் தேதியைத் தள்ளச் சொல்வது. அப்போது உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். மண்டப முன்பணம் போகலாம், உறவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசலாம், அப்பாவுக்குக் கோபம் வரலாம். ஆனால் வக்ரம் என்று சொல்லித் தள்ளினால், அவர்கள் வேறொரு ஜோசியரைக் கூட்டிவந்து பரிகாரம் சொல்லி முடித்துவிடுவார்கள். அப்புறம் உங்களிடம் வேறு காரணம் இருக்காது. மூன்றாவது, பேச்சில் உங்களுக்குச் சம்மதமே இல்லாத ஒன்று வெளிவந்தால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை. உப்பு சக்கரை மாற்றியது சட்டத்தின் கண்ணில் கல்யாணம் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதத்தால் நடந்த திருமணத்தையே நீதிமன்றத்தில் செல்லாது என்று அறிவிக்கக் கேட்க முடியும். நிச்சயத்தோடு நிற்பதற்கு அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. இந்த மூன்றாவது வழி தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. அது இருக்கிறது என்று தெரிந்தால் முதல் வழியில் நடக்கக் கால் நடுங்காது, அதற்காகச் சொன்னேன்.

அவரிடம் என்ன பேசுவது? பெரிய தயாரிப்பு வேண்டாம். ‘உங்க அம்மா வேலையைப் பத்திக் கேட்டாங்க. அன்னைக்கு நான் பதில் சொல்லலை. எனக்கு வேலைக்குப் போகணும். நாம எங்க குடியிருப்போம், நான் எப்படிப் போய் வருவேன், இதை நீங்க யோசிச்சிருக்கீங்களா?’ இவ்வளவு போதும். ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு ரயில் இருக்கிறது. ஈரோட்டில் வீடு எடுத்தால் உங்கள் பயணம் ஒரு மாதிரி, கோபியில் இருந்தால் வேறு மாதிரி. வேலை நேரத்தைக் குறைப்பதா, ஈரோட்டுப் பக்கமே ஜவுளித் துறையில் வேறு வேலை தேடுவதா என்றெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போடலாம். அவர் ‘அம்மா சொல்றதுதான்’ என்று சொன்னால் அதுவும் ஒரு பதில். கல்யாணத்துக்கு முன்னால் தெரிய வேண்டிய பதில். உங்கள் பயத்தையும் அவரிடம் சொல்லுங்கள், சுக்கிரன் உட்பட. கேட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

செயலியை இன்றே அழித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் ரகசியமாகப் பார்ப்பீர்கள். அறிவிப்புகளை மட்டும் நிறுத்தி வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், நீங்களாகத் திறந்தால் போதும். சிவப்புப் பேனாவை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெடுகிறது, போனைப் பார்க்காவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்ற நிலை வந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். அல்லது அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416இல் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

புதன் வக்ரம் எந்தத் தேதியில் என்று பார்க்காமல், இந்த வாரத்தில் அவருக்கு வேலை இல்லாத ஒரு சாயங்காலத்தில் போன் செய்யுங்கள். பேசி முடித்த அப்புறம் எனக்கு எழுதுங்கள். அவர் சொன்ன பதிலை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, பக்கத்தின் நடுவில் எழுதுங்கள்.